அந்த ஓவியத்துக்குக் கீழ "படம்: இணையம்"னு போட்டுருந்தீங்க

எடிட்டர் சார், வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல பழைய ஓட்டு வீடுகள பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு, எழுதுனவங்களுக்கு என் வாழ்த்த சொல்லிடுங்க. அதுக்கு நடுவுல அரைப் பக்கத்துக்கு கலர்ல ஒரு ஓவியம் போட்டுருந்தீங்க. பாவாடை தாவணி கட்டுன ஒரு பொண்ணு ஜன்னலுக்குக் கீழ தரையில கால மடிச்சு உக்காந்திருக்கா, காரை பேந்த பழைய சுவரு, பக்கத்துல ஒரு பித்தளை குடம், ஜன்னல் கம்பி நிழல் அவ மடியில விழுந்து தரை வரைக்கும் நீண்டு போகுது. கீழ பொடி எழுத்துல "படம்: இணையம்"னு இருந்துச்சு.

சார், இணையம் படம் வரையாது. அத வரைஞ்சவர் ஓவியர் இளையராஜா. இதே கும்பகோணம் பக்கத்துல செம்பியவரம்பல்ங்குற கிராமத்துக்காரர், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில படிச்சு அப்புறம் சென்னை கவின் கலைக் கல்லூரிக்கு போனவர். 2021 ஜூன் மாசம் கொரோனாவுல போயிட்டார், நாப்பது தாண்டி ரெண்டு மூணு வருஷம்தான் ஆகிருக்கும். அவர் போனப்ப தமிழ் பேப்பர் எல்லாத்துலயும் செய்தி வந்துச்சு, உங்க பேப்பர்லயும் வந்துச்சு, நான் அத வெட்டி வெச்சிருக்கேன். அன்னைக்கு அவர் படத்த போட்டு அஞ்சலி சொன்ன பேப்பர்லயே இன்னைக்கு அவர் பேரு இல்லாம படம் மட்டும் வருதுன்னா எனக்கு தாங்கல, ரெண்டு நாள் யோசிச்சுட்டுதான் எழுதுறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல ட்ராயிங் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. லோயர் கிரேடு ஹையர் கிரேடு பரீட்சைக்கு எத்தனையோ பசங்கள தயார் பண்ணிருக்கேன், மண்பானையையும் செம்பையும் டேபிள் மேல வெச்சு மாடல் ட்ராயிங் போட சொல்லி, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்கடான்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்திருக்கேன். அதனால ஒரு படத்துல வெளிச்சம் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு கொஞ்சம் தெரியும். அத பத்தி உங்க வாசகர்கள்கிட்ட பேசணும்னுதான் இவ்ளோ பெரிய லெட்டர், இடம் இல்லன்னா சுருக்கிக்கோங்க, ஆனா பேர மட்டும் சுருக்காதீங்க.

இளையராஜா படத்த பாத்த ஒடனே எல்லாரும் சொல்றது "அப்படியே போட்டோ மாதிரி இருக்குல்ல". பாராட்டாதான் சொல்றாங்க, தெரியும். ஆனா அந்த வார்த்தையோட நின்னுட்டா படத்த பாக்கவே இல்லன்னு அர்த்தம். உங்க பேப்பர்ல வந்த அதே படத்த எடுத்து கைல வெச்சுக்கோங்க. அந்தப் பொண்ணோட தாடைக்கு அடியில பாருங்க. ஜன்னல் வெளிச்சம் மேலேருந்து வருது, அப்போ தாடைக்கு அடியில இருட்டா கருப்பா இருக்கணும், இல்லையா? அங்க ஒரு செவப்பு இருக்கும். லேசா, செங்கல் பொடி தூவுன மாதிரி. அது எங்கேருந்து வந்துச்சு? தரையிலேருந்து. அந்தக் காலத்து வீடுங்கள்ல செவப்பு காவி போட்ட சிமெண்ட் தரை இருக்கும்ல, வழிச்சு வழிச்சு தேங்காண்ணெய் போட்டு தேச்சு கண்ணாடி மாதிரி வெச்சிருப்பாங்க, அதுல வெயில் பட்டு மேல தெறிச்சு அந்த செவப்பு முகத்துக்கு அடியில வந்து உக்காந்துக்கும். சுண்ணாம்பு அடிச்ச சுவரா இருந்தா இன்னொரு பக்கத்துலேருந்து ஒரு நீலம் கலந்த வெள்ளை வரும். ஒரே மூஞ்சியில மூணு வெளிச்சம், ஜன்னல் வெளிச்சம், தரை வெளிச்சம், சுவரு வெளிச்சம். செல்போன்ல எடுத்தா இதையெல்லாம் மெஷினே சமம் பண்ணி மழுப்பி விட்ருது. அந்த மாதிரி வீட்டுல அந்த மாதிரி நேரத்துல ஒரு பொம்பளை பக்கத்துல உக்காந்து ரொம்ப நாள் பாத்துக்கிட்டே இருந்தவனுக்குத்தான் அந்த செவப்பு தெரியும், தெரிஞ்சாலும் அத வரையணும்னு தோணும்.

அப்புறம் நிறம். என் கிளாஸ்ல பசங்க கொண்டு வர்ற கிரேயான்ஸ் டப்பாவுல ஒரு ரோஸ் கலர் குச்சி இருக்கும், அதுக்கு பேரு "ஸ்கின் கலர்". எந்த ஸ்கின்னு? என் கிளாஸ்ல இருந்த நாப்பது பசங்கள்ல ஒருத்தருக்கு கூட அந்த தோல் கெடையாது. ஆனா அம்மாவ வரைய சொன்னா நாப்பது பேரும் அந்தக் குச்சியத்தான் எடுப்பாங்க. நான் புடுங்கி வெச்சுட்டு பர்ன்ட் சியன்னாங்குற செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் தொட்டு கலக்கி, இதான்டா உங்க அம்மா கலரு, வெயில் படுற எடத்துல கொஞ்சம் எல்லோ ஓக்கர், அந்த மண் மஞ்சள், சேத்துக்கோன்னு சொல்லிக் குடுப்பேன். சில பசங்க அழுதுருக்காங்க சார், எங்கம்மா இவ்ளோ கருப்பு இல்ல டீச்சர்னு. அப்படி அழுத பசங்களுக்கு காட்டுறதுக்குத்தான் இளையராஜா படங்கள வெட்டி வெட்டி ஒரு ஃபைல்ல ஒட்டி வெச்சேன். ஆனந்த விகடன்ல அவர் படம் வந்தப்பல்லாம் பக்கத்த கிழிச்சு வெச்சுக்குவேன். திராவிடப் பெண்கள்னு அவர் ஒரு வரிசையாவே வரைஞ்சார். கருப்பு, மாநிறம், புது நெறம்னு நம்ம ஊர்ல எத்தனை இருக்கோ அத்தனையும் இருக்கும், எதையும் வெளுத்து வைக்கல, மூக்குல இருக்குற எண்ணெ பிசுக்கு கூட மின்னும். அந்த ஃபைல பாத்துட்டு ஒரு பொண்ணு "இது எங்க சித்தி மாதிரியே இருக்கு டீச்சர்"னு சொன்னா. அதுக்கப்புறம் அவ அந்த ரோஸ் குச்சிய தொடல.

இப்போ என் வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா நான் ஏன் இவ்ளோ தவிக்கிறேன்னு புரியாது.

எங்க வீடு திருவிடைமருதூர் பக்கம். திண்ணை, நடை, கூடம், நடுவுல சின்ன முத்தம், பின்னாடி சமையக்கட்டு, அதுக்கும் பின்னாடி கொல்லை. ஓட்டு வீடு, சமையக்கட்டு மேல மட்டும் ஒரே ஒரு கண்ணாடி ஓடு போட்டுருப்பாங்க, காலைல பதினொரு மணி வாக்குல அது வழியா ஒரு வெளிச்சக் கம்பம் நேரா எறங்கும், அடுப்புப் புகை அதுக்குள்ள சுத்தி சுத்தி போகும். எங்கம்மா அந்த நேரத்துக்குத்தான் மொறத்த எடுத்துக்கிட்டு கூடத்து ஜன்னலுக்கு வருவாங்க அரிசியில கல்லு பொறுக்க. வேற எங்க உக்காந்தாலும் கல்லு கண்ணுக்கு தெரியாது. அந்த ஜன்னலடி எங்கம்மாவோட எடம், வேற யாரும் உக்கார மாட்டோம்.

2009ல அந்த வீட்ட இடிச்சுட்டு அண்ணன் தம்பிங்க கான்கிரீட்டுல கட்டுனாங்க. அத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், மழைக்கு ஒழுகும், தேளு விழும், ஒவ்வொரு வருஷமும் ஓடு மாத்தியே காசு போயிடும். ஆனா இடிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த வீட்டுக்குள்ள எடுத்த ஒரு போட்டோ கூட எங்ககிட்ட இல்ல. இருக்குறதெல்லாம் கல்யாண போட்டோ, ஸ்டுடியோவுல பின்னாடி திரை தொங்க விட்டு எடுத்த போட்டோ. கூடத்து ஜன்னலயும் அம்மியையும் மாடக்குழியையும் யாரு அன்னைக்கு ஃபிலிம் செலவு பண்ணி எடுப்பா? தினமும் பாக்குறத யாரு எடுப்பா? நம்ம வீடுங்க எல்லாத்துக்கும் இதே கததான், வெளில தெருவுல நின்னு எடுத்த போட்டோ இருக்கும், உள்ள இருந்தது எதுவும் இருக்காது.

எங்கம்மாவுக்கு இப்போ 84 வயசு. மூணு வருஷமா ஞாபகம் கொறைஞ்சுக்கிட்டே வருது. என் பேரு சில நாள் வரும், சில நாள் வராது. போன தை மாசம் நான் என் ஃபைல எடுத்து தூசி தட்டிட்டு இருந்தேன், அம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க, ஒவ்வொரு பக்கமா திருப்பிக்கிட்டே வந்தவங்க ஒரு படத்துல நின்னுட்டாங்க. இளையராஜாவோட படம்தான், ஒரு பொம்பளை ஜன்னலோரமா உக்காந்திருக்குற படம். ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் ஆள்காட்டி விரல கொண்டுபோய் அந்த ஜன்னல் சட்டத்து மேல வெச்சு, "இங்க ஊக்கு குத்தி வெச்சிருப்பேனே, எங்க காணும்?"னு கேட்டாங்க.

எங்க வீட்டு ஜன்னல் சட்டத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு சார். அதுல அம்மா ஊக்கு, ஊசி, ஹேர்பின் எல்லாம் செருகி வெச்சிருப்பாங்க. எனக்கே அது மறந்து போயிருந்துச்சு. அம்மா சொன்ன ஒடனே அந்த வெடிப்பு, அதுக்குள்ள துரு புடிச்ச ஒரு ஊசி, அதுல எப்பவும் கோத்து தொங்குற கருப்பு நூலு, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துருச்சு. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அம்மா பேசுனாங்க. கொல்லையில நாரத்த மரம் இருந்தது, எங்க பாட்டி தயிர் கடையுற தூணுல கயிறு தேஞ்ச தடம் இருந்தது, மழை நாள்ல முத்தத்துல அண்டா வெச்சு தண்ணி புடிச்சது எல்லாம். டாக்டர் குடுத்த மாத்திரையில வராதது அந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு. நான் மருத்துவம் பேசல, என் கண்ணால பாத்தத சொல்றேன்.

அந்தப் படம் எங்க வீடு கெடையாது. இளையராஜா எந்த வீட்ட பாத்து வரைஞ்சாரோ. ஆனா அவர் அந்த ஜன்னல அவ்ளோ உண்மையா வரைஞ்சதனாலதான் எங்கம்மா அதுல தன்னோட ஊக்க தேடுனாங்க. பொய்யா, அழகுக்கு வரைஞ்ச ஜன்னலா இருந்தா தேடிருக்க மாட்டாங்க.

இத சொல்றப்ப இன்னொண்ணும் சொல்லியாகணும். என் கூட படிச்ச சில ஓவியர்கள் இளையராஜாவ பெருசா எடுத்துக்க மாட்டாங்க. பழச காட்டி ஏங்க வெக்கிறார், அந்த வீடுங்களுக்குள்ள இருந்த கஷ்டத்த மறைச்சுட்டு அழக மட்டும் காட்டுறார்னு சொல்லுவாங்க. நான் ரொம்ப நாள் அதுக்கு பதில் தெரியாம இருந்தேன், ஏன்னா அதுல நியாயம் இருக்கு. ஜன்னலுக்குக் கீழ அந்தப் பொண்ணு ஏன் உக்காந்திருக்கா? நான் உக்காந்திருக்கேன் சார். வயசுக்கு வந்ததும் ஸ்கூலுக்கு அனுப்பாம மூணு மாசம் வீட்டுக்குள்ள வெச்சிருந்தாங்க, தெருவுல என் கூட படிச்ச பசங்க பையோட போறத அந்தக் கம்பி வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்து சண்டை போட்டு அழைச்சுட்டு போனதால நான் படிச்சேன், என் வயசு பொண்ணுங்க எத்தனை பேரு அந்த ஜன்னல விட்டு எழுந்திரிக்கவே இல்ல. அந்த சமையக்கட்டு புகையில எங்க பெரியம்மாவுக்கு இருவது வருஷம் இருமல். அந்தத் திண்ணைக்கு மேல ஏற விடாம நிக்க வெச்சவங்களும் உண்டு, அதையும் நான் பாத்துருக்கேன்.

ஆனா மறுபடியும் அந்தப் படங்கள பாருங்க. அந்தப் பொண்ணுங்க சிரிக்கிறாங்களா? காலண்டர்ல வர்ற மாதிரி பல்லு தெரிய சிரிக்கிற பொண்ண நான் அவர் படத்துல பாத்த ஞாபகம் இல்ல. வெறுமனே பாக்குறாங்க, இல்லன்னா குனிஞ்சு கைவேலைய பாக்குறாங்க, இல்லன்னா கதவ பாதி தொறந்து நின்னுக்கிட்டு வெளிய வரலாமா வேண்டாமான்னு இருக்காங்க. ஒரு காத்திருப்பு இருக்கு அதுல. எனக்கு அந்த மூணு மாசம் அந்த முகத்துலதான் இருக்கு. அழக காட்டி ஏமாத்துறவர் அந்த முகத்த வரைஞ்சுருக்க மாட்டாருன்னு இப்போ தைரியமா சொல்லுவேன்.

சரி, பேரு விஷயத்துக்கு வர்றேன், நான் எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு போயிட்டு ஒரு ஹோட்டல்ல சாப்புட்டோம். எந்த ஊரு எந்த ஹோட்டல்னு சொல்ல வேண்டாம். பாரம்பரிய சாப்பாடுன்னு போர்டு, வாழை இலை, பித்தளை டம்ளர், சுவரு பூரா இளையராஜா படங்கள பெருசு பெருசா பிரிண்ட் போட்டு மாட்டிருந்தாங்க. மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கிட்ட போய் பாத்தா கையெழுத்து போடுற மூலை இல்ல, வெட்டிட்டாங்க. அது கூட பரவால்ல. ஒரு படத்துல அந்தப் பொண்ணோட மூஞ்சிய கம்ப்யூட்டர்ல வெளுக்க வெச்சிருந்தாங்க சார். கழுத்து ஒரு நெறம், மூஞ்சி ஒரு நெறம். தாடைக்கு அடியில இருந்த அந்த செவப்பு போயே போச்சு. நான் சொன்னேனே ரோஸ் குச்சி, அத எடுத்து அவர் படத்து மேல பூசின மாதிரி இருந்துச்சு. வாழ்நாள் பூரா ஒரு மனுஷன் எதுக்காக வரைஞ்சாரோ அத அவர் போனப்புறம் அழிச்சு வெச்சிருக்காங்க. மேனேஜர் தம்பிய கூப்புட்டு கேட்டேன், பாவம் அவருக்கு ஒண்ணும் தெரியல, "நெட்ல எடுத்ததும்மா, யாரு வரைஞ்சதுன்னு தெரியாது"ன்னாரு. அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். பேப்பர்லயே "படம்: இணையம்"னு வந்தா அவருக்கு எப்படி தெரியும்?

பேரு போனா என்ன ஆகும்ங்குறதுக்கு ஒரு கதை சொல்லுவேன் கிளாஸ்ல. நெதர்லாந்துல டெல்ஃப்ட்னு ஒரு ஊரு, அங்க வெர்மீர்னு ஒரு ஓவியர், 1632ல பொறந்து 1675ல செத்துட்டார். அவரும் நாப்பது தாண்டி கொஞ்ச வருஷம்தான் இருந்தார். அவர் வரைஞ்சதும் வீட்டுக்கு உள்ளதான், எடது பக்கம் ஒரு ஜன்னல், அந்த வெளிச்சத்துல ஒரு பொம்பளை பால் ஊத்துவா, லெட்டர் படிப்பா, தராசு புடிச்சுக்கிட்டு நிப்பா, அவ்ளோதான். அவர்துன்னு இன்னைக்கு மிஞ்சி இருக்குறது முப்பத்தஞ்சு படம் கிட்டத்தட்ட. அவர் செத்தப்புறம் ஊருக்கு வெளிய பேரு கொஞ்சம் கொஞ்சமா மறந்து போச்சு. அவரோட ரொம்ப முக்கியமான ஒரு படம், ஓவியர் ஒருத்தர் முதுக காட்டி உக்காந்து ஒரு பொண்ண வரையுற படம், இப்போ வியன்னா மியூசியத்துல இருக்கு, அதுல வேற ஒரு ஓவியரோட பேர யாரோ போலியா எழுதி வெச்சு, 19ஆம் நூற்றாண்டு பாதி வரைக்கும் அது அந்த இன்னொருத்தர் வரைஞ்சதுன்னே உலகம் நம்பிட்டு இருந்துச்சு. முத்துக் கம்மல் போட்ட பொண்ணு படம், இன்னைக்கு பாக்காதவங்களே இருக்க மாட்டீங்க, அது 1881ல ஹேக் நகரத்துல ஏலத்துக்கு வந்தப்ப அந்த ஊரு பணம் ரெண்டு கில்டருக்கு போச்சு. யாரு வரைஞ்சதுன்னு தெரியாத படத்துக்கு அவ்ளோதான் மதிப்பு. தோரேன்னு ஒரு பிரெஞ்சு விமர்சகர் வருஷக்கணக்கா ஊர் ஊரா அலைஞ்சு, இது வெர்மீர், இது வெர்மீர்னு தேடி 1866ல எழுதினதுக்கு அப்புறம்தான் அந்தப் பேரு உலகத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா திரும்ப கெடச்சுது. ஒரு பேரு தொலைய ஒரு நாள் போதும், திரும்ப வர கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆயிருக்கு.

நம்ம ஊர்ல அப்படி தொலையாம பாத்துக்கிட்டது யாரு தெரியுமா? உங்கள மாதிரி பத்திரிகைங்களும் காலண்டர் அச்சடிச்சவங்களும்தான். ரவி வர்மா பிரஸ்ஸுல அச்சான சாமி படத்துல எல்லாம் கீழ பிரஸ் பேரு இருக்கும், எங்க பாட்டி பூஜை மாடத்துல இருந்த லட்சுமி படத்துலதான் நான் மொத மொதல்ல ஒரு ஓவியரோட பேர எழுத்துக் கூட்டி படிச்சேன். கோவில்பட்டி கொண்டைய ராஜு சிவகாசி காலண்டருக்கு வரைஞ்ச முருகன் படத்துல அவர் கையெழுத்து இருக்கும், அவர் சிஷ்யங்க சேந்து வரைஞ்சிருந்தா அவங்க பேரும் சேந்து இருக்கும். சில்பி, கோபுலு, மணியம், மாருதி, ஜெயராஜ், இவங்க பேரெல்லாம் படிக்காத எங்கம்மாவுக்கு கூட தெரியும், கையெழுத்தோட வளைவ பாத்தே இது யாருன்னு சொல்லுவாங்க. யாரும் பாடம் நடத்தல. வாரா வாரம் படத்தோட பேரும் சேந்து வந்துச்சு, அதனால தெரிஞ்சுது. இன்னைக்கு படம் மட்டும் போன் போனா போகுது, குட் மார்னிங் மெசேஜ்ல பின்னாடி படமா வருது, பேரு வழியிலயே விழுந்துடுது.

சட்டமும் இருக்கு சார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 1957ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டத்துல 57ஆவது பிரிவு, வரைஞ்சவர் இது என்னோடதுன்னு சொல்லிக்குற உரிமையும், அத சிதைச்சு அவர் பேர கெடுக்கக் கூடாதுன்னு தடுக்குற உரிமையும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இருக்குன்னு சொல்லுது. இறந்து போன வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் காப்புரிமை உண்டு, அப்போ இளையராஜா படங்களுக்கு 2081 முடியுற வரைக்கும் இருக்கு. நான் கேஸ் போடுன்னு சொல்ல வரல, எனக்கு அந்த எண்ணமும் இல்ல. யாரோட வீட்டு சோத்துக்கு சம்பந்தப்பட்டதுங்குறத மட்டும் ஞாபகப்படுத்துறேன்.

அவரோட ஒரிஜினல் ஒண்ணே ஒண்ணத்தான் நான் நேர்ல பாத்துருக்கேன், சென்னையில ஒரு எக்ஸிபிஷன்ல, பல வருஷத்துக்கு முன்னாடி. கிட்ட போய் நின்னா அது போட்டோ மாதிரியே இல்ல சார்! வெளிச்சம் விழுற எடத்துல பெயிண்ட் தடிமனா, பிரஷ் இழுத்த கோடு தெரியுற மாதிரி இருந்துச்சு, இருட்டு எடத்துல அவ்ளோ மெலிசா, கேன்வாஸ் துணியோட நெசவே தெரிஞ்சுது. பேந்த சுவருன்னு தூரத்துலேருந்து தெரிஞ்சது கிட்ட போனா பழுப்பும் சாம்பலும் பச்சையுமா சும்மா தொட்டு தொட்டு வெச்ச கறைங்க. நாலடி பின்னாடி வந்தா மறுபடியும் சுவரு. நான் முன்னாடி போறதும் பின்னாடி வர்றதுமா இருந்தேன், அங்க இருந்த வாட்ச்மேன் என்னம்மா எதையாவது தொலைச்சுட்டீங்களான்னு கேட்டாரு. இந்த அனுபவம் பேப்பர்லயும் போன்லயும் கெடைக்காது. எழும்பூர் மியூசியத்துல ரவி வர்மா ஒரிஜினல் இருக்கு, பசங்கள டூர் கூட்டிட்டு போய் காட்டிருக்கேன், ஆனா நம்ம காலத்துல நம்ம மாவட்டத்துலேருந்து வந்த ஒருத்தரோட படத்த எங்க கூட்டிட்டு போய் காட்டுறதுன்னு எனக்கு தெரியல. அவர் படிச்ச கும்பகோணம் காலேஜ்லயோ, நம்ம ஊர்ல வேற எங்கயோ, ஒரே ஒரு நல்ல சுவரு, வெயில் நேரா படாத சுவரு, நாலு படம். காசு குடுத்து வாங்கி வீட்டுல வெச்சிருக்குறவங்க வருஷத்துல ஒரு மாசம் கடன் குடுத்தா கூட போதும். உங்க பேப்பர் இத எடுத்து எழுதினா அதிகாரிங்க காதுல விழும், என்னைய மாதிரி ஒருத்தி மனு குடுத்தா விழாது.

நான் கேக்குறது பெருசு இல்ல சார். வர்ற ஞாயித்துக்கிழமை அதே இணைப்புல, அதே பக்கத்துல, "சென்ற வாரம் வெளியான ஓவியத்தை வரைந்தவர் ஓவியர் இளையராஜா"ன்னு ஒரு வரி போடுங்க. இனிமே எந்த ஓவியம் போட்டாலும் வரைஞ்சவர் பேரு, முடிஞ்சா எந்த வருஷம், எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா, எத்தனை அடிக்கு எத்தனை அடின்னு போடுங்க, பசங்க படிச்சு தெரிஞ்சுக்குவாங்க. பேரு தெரியலன்னா அந்தப் படத்த போடாதீங்க, இல்லன்னா "யார் வரைந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்"னு போடுங்க, என்னைய மாதிரி பழைய ட்ராயிங் டீச்சருங்க ஊருக்கு ஊரு இருக்கோம், அன்னைக்கே போன் பண்ணி சொல்லிடுவோம். ஓரத்த மட்டும் வெட்டாதீங்க, கையெழுத்து அங்கதான் இருக்கும்.

அந்தத் திருத்தம் வர்ற பேப்பர்ல ரெண்டு பிரதி வாங்குவேன். ஒண்ணு ஃபைலுக்கு. இன்னொண்ண அம்மா கட்டிலுக்கு எதிர்த்தாப்ல இருக்குற சுவத்துல ஒட்டணும், போன வாரத்து படத்தையும் அதோட சேத்து. நேத்து அந்தப் பக்கத்த அவங்ககிட்ட காட்டினேன், குடத்துக்கு மூடி போடாம வெச்சிருக்காளே, பல்லி விழுந்துடும், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுன்னாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்.